வாலில்லாத மவுஸ்

அத்தியாயம் 9

“பன்னெண்டும் ஒயர்லெஸ்ஸா இருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன், ஆமா!”

நேற்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அண்ணன் ராஜ்மோகன் போட்ட சத்தம், வெள்ளிக்கிழமை காலையில் பல் விளக்கும்போதும் பூர்ணிமாவின் காதை விட்டுப் போகவில்லை. அவள் மட்டும் சளைத்தவளா என்ன? “பன்னெண்டும்தான்! எழுதி வேணா குடுக்கட்டுமா?” என்று பதிலுக்குக் கத்தியிருந்தாள். இப்போது நினைத்தால் பயமாக இருந்தது.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் அந்தக் குடும்பத்துக்கு ஒரே ஒரு கடை. ஒயர், ஸ்விட்ச், பல்பு என்று ராஜ்மோகன் எட்டு வருஷமாக நடத்தும் எலெக்ட்ரிகல் கடை. பி.சி.ஏ. முடித்த இருபத்துமூன்று வயது பூர்ணிமாவுக்கு அதன் முன்பாதி வேண்டும். அங்கே கம்ப்யூட்டர் சாமான் அடுக்கி, தானே முதலாளியாக உட்கார வேண்டும். அதுவும் என்ன சாமான்? ஒயரே இல்லாத மவுஸ், ஒயரே இல்லாத கீபோர்டு! ஒயர் விற்றே குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய மனுஷனிடம் போய், இனிமேல் ஒயருக்கு வேலை இல்லை என்றால் அவன் சும்மா இருப்பானா?

அவனுக்கு வேறு கணக்கு. சென்னைக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வருகிறாளா, இல்லையா என்று இன்று மாலை ஆறு மணிக்குள் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை சேர வேண்டும். “ஒழுங்கா போய்ச் சேரு” என்பது அவன் கட்சி.

இழுபறி கடைசியில் பந்தயத்தில் வந்து நின்றது. தாஜ் நிஷா அக்காவின் கம்ப்யூட்டர் சென்டரில் பன்னிரண்டு மெஷின். எல்லாவற்றுக்கும் மவுஸும் கீபோர்டும் மாற்றப் போகிறார்கள். பன்னிரண்டையும் ஒயர்லெஸ்ஸாக ஆர்டர் வாங்கினால் கடையின் முன்பாதி பூர்ணிமாவுக்கு. இல்லையென்றால் சென்னை.

தலை வாரிக்கொண்டே நிமிர்ந்தவள் அலமாரி மேலே பார்த்தாள். புத்தம் புதிய ஜிப் பை ஒன்று உட்கார்ந்திருந்தது. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

“பாத்தியாம்மா? அதுக்குள்ள பையி வாங்கி வச்சிருக்குது அண்ணன்! எம்மாம் கொழுப்பு!”

அம்மா அம்புஜவல்லி இட்லித் தட்டிலிருந்து துணியை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சாப்புட்டுப் போ. வெறும் வயித்தோட பேசாத.”

“நீயும் வரதானே?”

“வராம? நான் படிக்கிற எடமாச்சே.”

ஆமாம், அம்மாவும் தாஜ் நிஷாவின் மாணவிதான். நாற்பத்தெட்டு வயதில், மூன்று மாதமாக. தனக்கென்று மெயில் முகவரி எதற்கு என்று மகளுடையதையே வாங்கிப் பழகிக்கொண்டிருந்தாள். அவள் அனுப்பிய முதல் மெயில், ‘சாப்டியா’ என்ற ஒற்றை வார்த்தை. பூர்ணிமாவின் முகவரியிலிருந்து பூர்ணிமாவின் முகவரிக்கே போய்ச் சேர்ந்தது. வீடே நாலு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

“சென்னையும் நல்ல ஊருதான் பூர்ணி” என்றாள் அம்மா திடீரென்று.

“நீயுமாம்மா?”

அம்மா அடுத்த இட்லியை எடுத்துத் தட்டில் வைத்தாள். வாசலில் டி.வி.எஸ். வண்டியின் ஹார்ன் விடாமல் அலறியது. அப்பா!

ஆதிநாராயணனுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை. மின்கம்பத்துக்கும் மெயின் போர்டுக்கும் வேண்டிய பீஸ் கட்டை, இன்சுலேட்டர் எல்லாம் அவர் சூளையில் வேகும். அவரும் ஒயர் கட்சியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மகள் ஒன்று கேட்டால் அவருக்குக் கட்சியாவது, கொடியாவது!

“வா வா, வந்து பாரு! கை சுடும், பாத்து எடு. இப்பதான் சூளையிலேர்ந்து வருது.”

வண்டியின் முன்னால் வைக்கோல் சுற்றிய மூட்டை. பிரித்தாள். ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைவெளேரென்று பீங்கான் பலகைகள். ஒவ்வொன்றிலும் நீல எழுத்தில் ‘தாஜ் கம்ப்யூட்டர் சென்டர்’, ஓரத்தில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நம்பர்.

“மவுஸு ஓட்டறதுக்குப் பலகை! ஆர்டரு குடுத்தா இது இனாம்னு சொல்லு. ரெண்டு வாட்டி கிளேஸ் பூச்சு குடுத்திருக்கேன். மொகம் பாக்கலாம், பாத்துக்க!”

நிஜமாகவே முகம் தெரிந்தது. சூளைக்குப் பக்கத்தில் நின்று நின்று சிவந்துபோன அப்பாவின் கண்ணைப் பார்த்தாள். இன்று எப்படியும் ஜெயித்தாக வேண்டும்!

*

வெள்ளிக்கிழமை சென்டருக்கு லீவு. கடலூர் ரோட்டு மாடியில் பன்னிரண்டு மெஷினும் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. நாலு பேரும் படியேறியபோது தாஜ் நிஷா வாசலிலேயே நின்றிருந்தாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்தாள்.

“வாங்கண்ணே, வாங்கக்கா. ஜும்மா தொழுகைக்கு முன்னாடி முடிச்சிடலாமா? பூர்ணிமா, எனக்கு எப்படியாவது இந்த ஒயரு ஒழிஞ்சா போதும்மா. மூணு கீபோர்டு ஒயர எலி கடிச்சிடுச்சு. புள்ளைங்க கால்ல வேற மாட்டிக்குது. எங்க வூட்டுக்காரரு சார்ஜாவுலேர்ந்து ஒரு ஒயர்லெஸ் செட்டு அனுப்பிச்சாரு. அங்கல்லாம் இதானாம்.”

பூர்ணிமாவுக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. பாதி வேலை முடிந்தமாதிரிதான்!

“எலி கடிக்காதுதான்” என்று ஆரம்பித்தான் ராஜ்மோகன். அவன் கையில் ஒயர் வைத்த அவனுடைய மவுஸ். “ஆனா பேட்டரி தீந்துபோவும். பன்னெண்டு மவுசுக்கும் கீபோர்டுக்கும் பென்சில் பேட்டரி மாத்திக்கிட்டே இருப்பீங்களா? அப்பறம் இத பாருங்கக்கா. ஒயரில்லாத மவுஸுக்குப் பின்னாடி சொருவற பொட்டிக்கு ஒயரு இருக்குது! இது என்னா ஒயர்லெஸ்ஸு?”

“அது ஒருவாட்டி சொருவிட்டா அங்கியே கெடக்கும்ணா. ஒன் ஒயரு மாதிரி மேசை மேல பாம்பாட்டம் காட்டாது!”

தாஜ் நிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “சண்டைய அப்பறம் வச்சுக்கலாம். மொதல்ல காட்டும்மா.”

பூர்ணிமா கொண்டுவந்தது இரண்டு செட். முதல் மெஷினிலும் இரண்டாவது மெஷினிலும் மாட்டினாள். அப்பா தன் கையாலேயே பன்னிரண்டு பலகைகளையும் நம்பர்படி ஒவ்வொரு மெஷின் முன்னாலும் துடைத்து வைத்தார். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“இப்ப பாருங்கக்கா!”

மவுஸைப் பலகையில் வைத்து நகர்த்தினாள். திரையில் அம்பு நகரவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். விசுக்கென்று மூலைக்குத் தாவியது. இழுத்தாள். நடுவில் நின்று வெடவெடவென்று ஆடியது. இரண்டாவது மெஷினுக்கு ஓடினாள். அங்கேயும் அதே கூத்து!

“என்னாச்சும்மா?” என்றார் அப்பா.

“பேட்டரி... பேட்டரியா இருக்கும்பா.”

பேட்டரியை மாற்றினாள். ஊஹும். ராஜ்மோகன் அலட்டிக்கொள்ளவே இல்லை. மூன்றாவது மெஷினில் தன் மவுஸைச் சொருகி, மேசை மேல் வைத்து ஒரு சுழற்று சுழற்றினான். அம்பு வழுக்கிக்கொண்டு வட்டம் போட்டது.

“இதாங்கக்கா ஒயரு. தலைவலியே கெடையாது.”

தாஜ் நிஷாவின் முகம் வாடிப்போயிற்று. “எங்க வூட்டுல நல்லாத்தானே ஓடுது...” என்று இழுத்தாள்.

அந்தப் பேச்சு பூர்ணிமாவை உலுக்கியது. அக்கா வீட்டில் நன்றாக ஓடுவது இங்கே ஏன் ஓடவில்லை? அண்ணனின் மவுஸை உற்றுப் பார்த்தாள். அதன் ஒயர் கட்டையாக இருந்தது. இழுத்தும் போதாமல் மேசை ஓரத்து மரத்திலேயே நின்றுவிட்டிருந்தது. அப்பாவின் பலகைக்கு அது வந்து சேரவே இல்லை!

“அண்ணா, அத எடுத்து இந்தப் பலகை மேல ஓட்டு.”

“எதுக்கு?”

“ஓட்டேன்!”

மூன்றாம் நம்பர் பலகையை மரத்துக்கு மேலேயே நகர்த்தி, அவன் மவுஸுக்கு அடியில் அவளே செருகினாள். ராஜ்மோகன் நகர்த்தினான். அவனுடைய அம்பும் எகிறிக் குதித்தது!

பூர்ணிமாவுக்குப் புரிந்துவிட்டது. மவுஸின் வயிற்றிலிருந்து வரும் வெளிச்சம் தரையில் சொரசொரப்பைத் தேடுகிறது. முகம் பார்க்கிற பளபளப்பில் அது எதைப் பிடிக்கும்? குற்றம் ஒயருடையதும் அல்ல, ஒயர்லெஸ்ஸுடையதும் அல்ல. இரண்டு வாட்டி கொடுத்த கிளேஸ்! அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? பலகையையே பார்த்தபடி நின்றாள்.

ஆதிநாராயணன் கட்டை விரலால் பலகையை ஒருதரம் தடவினார். மகள் முகத்தைப் பார்த்தார்.

“பளபளப்பு ஆவலையாம்மா அதுக்கு?”

“ஆமாப்பா” என்றாள் அவள். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

“அட, இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்ட!” அவர் சட்டென்று பலகையைக் கவிழ்த்தார். “அடிப்பக்கம் நாங்க கிளேஸ் போடறதே இல்ல. போட்டா சூளைத் தட்டோட ஒட்டிக்கும். இப்ப ஓட்டு!”

அடிப்பக்கம் மங்கலான வெள்ளை, மாவைத் தொட்டமாதிரி. பூர்ணிமா மவுஸை வைத்தாள். தள்ளினாள்.

அம்பு போயிற்று! மேலே, கீழே, குறுக்கே, அவள் கை போன பக்கமெல்லாம் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போயிற்று!

“போவுது பாரு! போவுது பாருடி!” அப்பா நிஜமாகவே ஒரு குதி குதித்தார். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். தாஜ் நிஷா கைதட்டினாள். பூர்ணிமா மவுஸை எடுத்துக்கொண்டு அறையின் மறுகோடிக்கே ஓடி, கவிழ்த்த இன்னொரு பலகை மேல் வைத்து அங்கிருந்தே அம்பை ஆட்டிக் காட்டினாள். ராஜ்மோகன்கூட, “தூரத்துலேர்ந்து ஓடுதே!” என்று தன்னை மறந்து சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“பேருதான் கீழ போயிடுச்சுண்ணே” என்றாள் தாஜ் நிஷா.

“அடுத்த வேக்காட்டுல இந்தப் பக்கமே எழுதிடறேம்மா! நம்பரோட!”

“அப்ப எழுதிக்க பூர்ணிமா. பன்னெண்டும் ஒயர்லெஸ்ஸு!”

பன்னெண்டும்! பூர்ணிமா பையிலிருந்து ஆர்டர் புத்தகத்தை இழுத்தாள். பேனா மூடி கையில் நிற்காமல் எங்கோ உருண்டது. கடையின் முன்பாதி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணாடி அலமாரி எங்கே, நாற்காலி எங்கே, பெயர்ப் பலகை எந்த நிறம் என்பதுவரை!

“இருங்க, நம்ம சார்ஜா செட்டையும் போட்டுப் பாத்துடலாம்” என்று தாஜ் நிஷா, வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்ததை எடுக்க உற்சாகமாகப் பீரோவைத் திறந்தாள். அதுவும் பூர்ணிமா கொண்டுவந்த அதே கம்பெனி செட். கடைசி மெஷினில் மாட்டினார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் கூடிவிட்டார்கள். பூர்ணிமா மட்டும் முதல் மெஷின் முன்னால், புத்தகத்தில் தேதி போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னா அடிக்கட்டும்?”

“ஒங்க வூட்டுக்காரரு பேரையே அடிங்களேன்” என்றாள் அம்மா.

தாஜ் நிஷா வெட்கத்தோடு அடித்தாள். பூர்ணிமா தற்செயலாகத் தலையைத் தூக்கினாள். அவள் முன்னால் இருந்த திரையில், யாரும் தொடாத கீபோர்டுக்கு மேலே, இங்கிலீஷ் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

நாசர்.

பெட்டிக்குள் வந்த சின்னச் சீட்டில் ஏதோ இரண்டு சேனல் என்று போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. இரண்டு செட் என்றால் ஆளுக்கொரு சேனல். மூன்றாவது வந்தால்? பன்னிரண்டு வந்தால்? ஒருத்தி அடிப்பது இன்னொருத்தி திரையில் போய் விழும்!

யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அந்தக் கோடியில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அழிக்கிற பட்டனை ஐந்து தடவை தட்டினால் போதும். ஆர்டர் கையெழுத்தாகிவிடும். முன்பாதி அவளுக்கு. அப்புறம் வருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

விரல் பட்டன் மேல் போய் உட்கார்ந்தும்விட்டது. அழுத்தவில்லை.

“அக்கா” என்றாள். குரல் தனக்கே கேட்கவில்லை. மறுபடி, “அக்கா! ஆர்டர் வாணாம். இங்க வந்து பாருங்க.”

தாஜ் நிஷா வந்தாள். திரையைப் பார்த்தாள். “அல்லாவே, அவரு இங்க எப்படி வந்தாரு!” என்று முதலில் சிரித்தாள். பூர்ணிமா விளக்க விளக்கச் சிரிப்பு மறைந்தது.

“அப்ப பன்னெண்டு பொண்ணுங்க பரீட்ச எழுதுனா?”

“ஒருத்தி பதிலு இன்னொருத்தி பேப்பர்ல இருக்கும்கா. ஒரே ரூம்புல ரெண்டு செட்டுதான் நிக்கும். ஒங்க மேசைக்கு ஒண்ணு, அந்தக் கோடி மெஷினுக்கு ஒண்ணு போட்டுக்குங்க. மீதிப் பத்துக்கும் அண்ணன் ஒயரே போடுங்க. எலி கடிக்காம குழாயில விட்டு இழுத்துக் குடுக்கும். இன்னும் கொஞ்ச வருஷத்துல இத சரி பண்ணிடுவாங்க. அப்ப நானே வந்து ஒயர புடுங்கிடறேன். ஆனா இன்னிக்கு வாணாம்.”

சொல்லி முடித்துவிட்டாள். பன்னிரண்டு, இரண்டாகிப் போயிற்று. ராஜ்மோகன் பந்தயத்தில் ஜெயித்துவிட்டான். அவனோ தன் மவுஸின் ஒயரைச் சுற்றிக்கொண்டே தங்கையைப் பார்த்தான்.

*

மாலை ஐந்தரைக்கு எல்லோரும் கடையில் இருந்தார்கள். அப்பா அபூர்வமாக வாங்கி வந்த வாழைக்காய் பஜ்ஜி, யாரும் தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். பூர்ணிமா வாசற்படியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கூப்புட்டு, வரேன்னு சொல்லிடறேண்ணா” என்றாள். “சொன்னா சொன்னதுதானே?”

ராஜ்மோகன் டெலிபோனைத் தன் பக்கம் இழுத்தான்.

“நான் பாத்தேன்” என்றான்.

“எத?”

“அழிக்கிற பட்டன் மேல ஒன் வெரலு இருந்துச்சு. நான் திரும்பிப் பாத்தேன். நீ அழுத்திடுவன்னுதான் நெனைச்சேன். நானா இருந்தா அழுத்தியிருப்பேன் பூர்ணி.” அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “மத்தியானம் தாஜ் நிஷா அக்கா போன் பண்ணுச்சு. பத்து ஒயரு செட்டும் ஒங்க தங்கச்சி கையெழுத்துலதான் பில்லு வரணும்னு சொல்லிடுச்சு. இனிமே அந்தச் சென்டருக்கு எது வாங்குனாலும் ஒங்கிட்டதானாம். நான் என்னா செய்ய? முன்பாதிய நீயே எடுத்துக்க. நான் பின்னாடி போயிக்கறேன்.”

“அண்ணா!”

“கத்தாத. கஸ்டமர் ஓடிடுவான்.”

அப்பா பஜ்ஜியை ஒரே வாயில் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தார். “நூறு பலகை போடறேன். கிளேஸே இல்லாம!” என்றார் வாய் நிறைய.

“அந்தக் கம்பெனிக்காரங்கிட்ட நானே சொல்லிடறேன், எங்க பொண்ணு வரலன்னு” என்று நம்பரைச் சுழற்றினான் ராஜ்மோகன். பூர்ணிமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெயர்ப் பலகை மஞ்சள்தான், முடிவாகிவிட்டது!

“சார், வணக்கம். விருத்தாசலத்துலேர்ந்து பேசறேன். பூர்ணிமாவோட அண்ணன். அவ வேலைக்கு... என்னா சார்?”

அவன் புருவம் சுருங்கியது.

“நேத்தா? அவளேவா? சரியா பாத்துச் சொல்லுங்க சார்.”

ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு திரும்பினான். “வரேன்னு நேத்து மத்தியானமே மெயில் வந்துடுச்சாம். ஒன் மெயில்லேர்ந்துதான். ஹாஸ்டல்ல எடம்கூடப் போட்டுட்டாங்களாம். நீ அனுப்புனியா?”

“நானா? நான் எதுக்குண்ணா...”

பாதியில் நின்றுவிட்டாள். அலமாரி மேலிருந்த புது ஜிப் பை கண்ணுக்கு முன்னால் வந்தது. அதை அண்ணன்தான் வாங்கினான் என்று யார் சொன்னார்கள்? ‘சாப்டியா’ என்று தன் முகவரியிலிருந்து தனக்கே வந்த மெயில் ஞாபகத்துக்கு வந்தது.

மெதுவாக ஸ்டூல் பக்கம் திரும்பினாள்.

அம்மா தலையைக் குனியவில்லை. மகளை நேராகப் பார்த்தாள். கண்ணில் நீர் நின்றது.

“நான்தான் அனுப்புனேன்” என்றாள் அம்புஜவல்லி. “எனக்கு வந்த வேலைய எங்கப்பா வாணாம்னு எழுதிப் போட்டாரு. பத்தொம்பது வயசுல. எனக்குத் தெரியாமலே. அன்னிலேர்ந்து பொறந்த ஊரு ஸ்ரீமுஷ்ணத்தையும் இந்த ஊரையும் தவுர நான் எதையும் பாக்கல பூர்ணி. நீயாவது போவணும்.”

அப்பாவின் வாயில் பஜ்ஜி அப்படியே நின்றது. “இத எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே” என்றார்.

எனக்குத் தெரியாமலே. அதே காரியத்தைத்தானே அம்மாவும் செய்திருக்கிறாள்? பூர்ணிமாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

“லைன்ல இருக்காரு பூர்ணி” என்றான் ராஜ்மோகன். “நீயே சொல்லிடு. போறியா, இருக்கியா?”

ரிசீவரை அவள் பக்கம் நீட்டினான். சுருள் ஒயர் முழுசாக விரிந்து விறைத்தது. அப்படியும் வாசற்படிவரை எட்டவில்லை. நாலு அடி அவள்தான் நடந்து வர வேண்டும்.

பூர்ணிமா எழுந்தாள்.